களப்பும் காவலும்

ஒரு நிலப்பரப்பைச் சுற்றி அரசு எல்லையிட்டு, 'இது காக்கப்பட்ட இடம்' என அறிவிக்கும்போது இரண்டு வினாக்கள் உடன் எழுகின்றன. யாரிடமிருந்து காக்கப்படுகின்றது? யாருக்காகக் காக்கப்படுகின்றது? இவ்வினாக்களைத் தொடாது, பறவைகளின் பெயர்களையும் மரங்களின் பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்புவது நம் பாடசாலைச் சுற்றுலாக்களின் வழக்கமாகிவிட்டது. பட்டியல் பயனற்றதென நாம் கூறவில்லை. பெயரறியாத பொருளை எவரும் நேசிப்பதில்லை. ஆயின், ஒரு கொக்கு எவ்வினத்தைச் சார்ந்தது என்பதை விலங்கியல் சொல்லும். அக்கொக்கு நிற்கும் சேற்றில் யார் காலூன்றலாம், யார் காலூன்றலாகாது என்பதை விலங்கியல் சொல்லாது. அது அறவியலின் பாற்பட்டது, அரசியலின் பாற்பட்டதுங்கூட.

இவ்விடயத்தை வெறுங் கருத்துலகில் வைத்து ஆராய்வதினும் ஓரிடத்தை முன்வைத்து ஆராய்வதே நன்று. தலைநகருக்கு மிக அண்மையில், மாணவரும் உல்லாசப் பயணிகளும் சென்று பார்க்கும் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தையும் அதனோடு இணைந்த நீர்கொழும்புக் களப்பையும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

களனி கங்கையின் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடற்கரைக்கு இணையாகக் கிடக்கின்றது இச்சதுப்பு. அதன் வட எல்லையிற் களப்புத் தொடங்குகின்றது. சதுப்பின் பரப்பு 3068 ஹெக்டேயர். களப்பின் பரப்பு 3164 ஹெக்டேயர். சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் உருவானதாகக் கருதப்படும் இந்நிலம், தாவரங்கள் நீரடியில் மக்கியும் மக்காமலும் படிந்த முற்றா நிலக்கரியாலானது. கரையோரத்தில் இவ்வகைச் சதுப்புகளுள் இத்தீவில் மிகப் பெரியது இதுவே. இதன் வடபகுதியில் 1777 ஹெக்டேயர் 1996ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தண்டுகம ஓயாவும் ஜா-எலவும் நன்னீரைக் கொணர்கின்றன. நீர்கொழும்பு நகரருகேயுள்ள ஒடுங்கிய வாயினூடாகக் கடல்நீர் வற்றுப்பெருக்கோடு வந்து மீள்கின்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இக்கலப்பே களப்பின் உயிர்.

இக்கலப்பு என்ன செய்கின்றது என்பதைச் சற்று நோக்குவோம். இறால் கடலிலே முட்டையிடுகின்றது. பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்பினுட் புகுந்து, கடற்புற்களிடையிலும் கண்டல் வேர்களிடையிலும் இரை தேடி வளர்ந்து, பருவமடையும் வேளையில் மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. கடலில் வலைவீசுவோன் பிடிக்கும் இறாலுக்கும் களப்பே தொட்டில். மறுபுறத்தில், மழைக்காலத்தே ஆறுகள் கொணரும் வெள்ளத்தைச் சதுப்புத் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. 1 கோடி 10 இலட்சம் கன மீற்றர் நீரைத் தேக்கிவைத்து, பத்து நாட்களுக்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கடலுக்கு விடும் ஆற்றல் அதற்குண்டு. ஆலைகளும் வீடுகளும் வெளியேற்றும் கழிவுநீர் அதன் புல்லிலும் நாணலிலும் வடிகட்டப்பட்டே களப்பை அடைகின்றது. ஒரு பெரிய நீர்த்தேக்கமும், ஒரு வடிகட்டும் நிலையமும், ஒரு மீன்வளர்ப்பு நிலையமும் சம்பளமின்றி இரவுபகலாக இங்கு வேலை செய்கின்றன எனலாம்.

பார்க்கச் செல்வோர் வள்ளத்திலேறிக் கால்வாய் வழியே களப்பை நோக்கிப் போவது வழக்கம். இருமருங்கும் நாணலும் கண்டலும் அடர்ந்திருக்கும். கழியில் நட்ட கம்பொன்றில் நீர்க்காகம் இறகை விரித்து வெயில் காயும். கபரக்கொய்யான் கரைச்சேற்றில் அசையாது கிடக்கும். மீன்கொத்தி ஒன்று நீலக்கோடு இழுத்தாற்போற் பாய்ந்து மறையும். நகரத்தின் இரைச்சலிலிருந்து வந்தவருக்கு இங்கே 'மனிதன் கைபடாத இயற்கை'யைக் கண்டுவிட்டோம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. வழிகாட்டும் பலகைகளும் பிரசுரங்களும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. மனிதன் ஒருபுறம், இயற்கை மறுபுறம். இடையிலே ஒரு வேலி. இப்பிரிவினையை ஏற்றுக்கொண்ட பின்னர், வேலிக்கு உள்ளே நிற்கும் மனிதன் எவனும் குற்றவாளியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயின், வள்ளம் செல்லும் அக்கால்வாயே மனிதன் கை வெட்டியது. கோட்டை இராச்சியக் காலத்தில் இச்சதுப்பின் பெரும்பகுதி நெல்வயலாக இருந்தது. முத்துராஜவெல என்ற பெயரில் வரும் 'வெல' என்பதே சிங்களத்தில் வயலைக் குறிக்கும். வாணிகப் பொருட்களைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கால்வாய்களை வெட்டினர். கறுவாவுக்குத் திறந்த வழியிலே கடலின் உப்பும் புகுந்தது. வயல்கள் உவர்நிலமாயின. ஆங்கிலேயராட்சியின் தொடக்கத்தில், உப்புநீரை வடித்து நிலத்தை மீட்கும் நோக்கோடு 1802ஆம் ஆண்டளவில் மற்றொரு கால்வாய் வெட்டப்பட்டது. அதனை வெட்டுவித்த அதிகாரியின் பெயரால் அது இன்றும் ஹமில்டன் கால்வாய் எனப்படுகின்றது. நிலம் மீளவில்லை. உழவன் வெளியேறினான், கோரையும் நாணலும் கண்டலும் குடியேறின.

ஆக, நாம் இன்று இயற்கையெனக் கண்டு வியக்கும் காட்சியில் ஒரு பகுதி, குடியேற்ற வாணிகத்தினால் அழிந்த உழவின் சுவடேயாகும். இதனாற் சதுப்பின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. சதுப்பு வயலைவிடப் பன்மடங்கு பழமையானது. மனிதன் விட்டுச்சென்ற இடத்தை அது மீளப் பெற்றுக்கொண்டது. ஆனால் 'கைபடாத இயற்கை' என்ற பேச்சு இவ்விடத்தில் உண்மைக்குப் புறம்பானது என்பது தெளிவு. கைகள் பட்டே வந்துள்ளன. எந்தக் கை, எதற்காக, எவ்வாறு பட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

களப்பின் கரையில் வாழும் மீனவரின் கையை முதலில் நோக்குவோம். நீர்கொழும்பு மீனவரிடையே 'அத்துகொட்டு' என்றொரு முறையுண்டு. கண்டல் மரக் கிளைகளை வெட்டி, ஆழமற்ற நீரில் வட்டமாக நட்டுக் குவித்துவிடுவர். மீன்கள் நிழலும் இரையும் நாடி அதனுட் புகுந்து தங்கும். சில வாரங்களின் பின் சுற்றி வலைகட்டிக் கிளைகளை அகற்றி மீனைப் பிடிப்பர். கிளை வெட்டுவதால் கண்டல் அழியாதா என்று நாம் கேட்கலாம். இம்மீனவர் தமக்குத் தேவையான கண்டலைத் தாமே கரையோரத்தில் நட்டு வளர்த்து வந்துள்ளனர் என்பதே இதற்கான விடை. கண்டல் நடுகை என்பது உலக மாநாடுகளின் பேச்சாவதற்கு முன்னரே, எந்தத் தினவிழாவுமின்றி, அடுத்த ஆண்டின் மீனுக்காக அவர்கள் அதனை நட்டனர். பயணி கண்டு மகிழும் பச்சைக்கரையில் ஒரு பகுதி மீனவன் பயிரிட்ட தோட்டம்.

இன்னொன்று, களப்பின் வாயிலே நடைபெறும் 'கட்டுதெல்' எனும் கட்டுவலைத் தொழில். கடலுக்கு மீளும் இறால்களை, இரவில் நீர் வற்றும் வேளையில், ஓட்டத்துக்கெதிரே கழிகளில் வலைகளைக் கட்டிப் பிடிப்பர். வலை கட்டக்கூடிய இடங்கள் சிலவே. ஒவ்வோரிடமும் தரும் வருவாயும் வேறு. வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாதிருக்க, நான்கு மீனவர் சங்கங்கள் தமக்குள் முறைவைத்து, சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 18ஆம் நூற்றாண்டளவுக்குப் பின்செல்லும் இவ்வழக்கத்தை 1958ஆம் ஆண்டு அரசும் ஒழுங்குவிதிகளால் ஏற்றுக்கொண்டது. வலைபோடும் இடத்தை நம் கரையோரத் தமிழர் 'பாடு' என்பர். சிங்கள மீனவர் வாயிலும் அச்சொல் உண்டு. சிங்களமும் தமிழும் ஒரே வீட்டிற் பேசப்பட்ட கரை இது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

பொதுச் சொத்து யாவும் பாழாகியே தீரும். ஒவ்வொருவனும் தன்னலத்தால் அளவுக்கு மீறி எடுத்து அதனை அழித்துவிடுவான் என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதினார். தனியுடைமை அல்லது மேலிருந்து வரும் கட்டுப்பாடு, இவ்விரண்டே வழி என்ற கருத்து அதன்பின் உலகெங்கும் பரவியது. மக்கள் தாமே விதிசெய்து பொதுவளங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததற்குச் சான்றுகள் பலவுண்டு என்பதை எலினோர் ஒஸ்ட்ரொம் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நீர்கொழும்புக் களப்பின் வாயில் அவ்வுண்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் ஈண்டு நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழ்பாட முற்படலாகாது. கட்டுவலைச் சங்கத்திற் சேரும் உரிமை எல்லோர்க்கும் இல்லை. குறித்த ஊர், குறித்த குடும்பங்கள், குறித்த சமயம், திருமணமான ஆண் என்ற வரம்புகள் உண்டு. உள்ளே சமத்துவம், வாயிலிற் காவல். அதே ஒஸ்ட்ரொம் தம் நூலில் எமது தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற ஊரின் கதையையும் எழுதியுள்ளார். கரைவலைகளை முறைவைத்து இழுத்துவந்த அவ்வூரில், செல்வாக்குடையோர் மேலும் மேலும் வலைகளை இறக்கினர். வலைகளின் தொகையை மட்டுப்படுத்தும் விதி ஏட்டில் இருந்தும் அரசியல் தலையீட்டால் அது செயற்படவில்லை. முறை நின்றது, ஆயின் பங்கு தேய்ந்து, பயன் அற்றது. மரபு தன்னளவிற் புனிதமானதன்று. மக்களின் கையில் அதிகாரம் இருக்குமளவுக்கே அது அவர்களைக் காக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் அறவுணர்வை மெய்யாகவே சோதிக்கும் ஒரு நிலைமைக்கு வருவோம். சதுப்பின் ஓரத்தில் ஒரு குடும்பம் வண்டி வண்டியாய் மண்ணும் குப்பையும் கொட்டி, சிறுதுண்டு நிலத்தை நிரப்பி, பலகையும் தகரமுங் கொண்டு குடிசை அமைக்கின்றது. அது சட்டவிரோதம். அதனால் நீர் தேங்கும் இடம் சுருங்குகின்றது என்பதும் உண்மை. அக்குடும்பத்தை என்செய்வது?

சட்டத்தின் பக்கம் நிற்போர், 'அகற்று' என்பர். இரக்கத்தின் பக்கம் நிற்போர், 'ஏழை எங்கே போவான், விட்டுவிடு' என்பர். இரண்டு விடையுமே நமக்குப் போதியனவல்ல. முதல் விடை, அக்குடும்பம் ஏன் அங்கு வந்தது என்று கேட்பதில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. தொழில் நாடி நாட்டின் நாற்புறத்திலிருந்தும் மக்கள் வந்தனர். வேலைக்குக் கையை அழைத்தவர்கள், அக்கைக்குரியவன் தலைசாய்க்க இடம் வேண்டும் என்பதை எண்ணவில்லை. கொழும்பைச் சூழ்ந்த நிலத்தின் விலையோ தொழிலாளியின் எட்டாக்கனியாயிற்று. ஆளில்லா நிலமாய்த் தெரிந்தது சதுப்பு ஒன்றே. ஆசையினால் நிரப்பியவன் வேறு. அடைக்கலமின்றி நிரப்பியவன் வேறு.

இரண்டாவது விடையும் ஏமாற்றுடையது. நிரப்பப்பட்ட இடத்தில் தேங்கவேண்டிய நீர் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வேறொருவர் வீட்டுக்குட் புகுகின்றது. அவ்வேறொருவர் யார்? மேட்டில் மாடி கட்டியவரல்லர். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது நாட்கணக்காக நீரில் நின்றவை தாழ்நிலத்துச் சிறுவீடுகளே. ஆகவே ஏழையின் பெயரால் சதுப்பை நிரப்பவிடுவது, ஓர் ஏழையின் துன்பத்தை இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். இரக்கம் கண்ணுக்குத் தெரிந்தவனோடு நின்றுவிடும்; நீதி கண்ணுக்குத் தெரியாதவனையும் எண்ணிப் பார்க்கும். அக்குடும்பத்துக்கும் அயலார் மீது கடமையுண்டு என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அதைச் சொல்வதற்குமுன், அவர்கள் குடியிருக்க உறுதியான மேட்டுநிலம் தரவேண்டியது சமூகத்தின் முதற்கடமை என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். மாற்றிடம் தராத வெளியேற்றம் காவலாகாது. அது இன்னொரு சதுப்பை நோக்கி மக்களை விரட்டுவதாகவே முடியும்.

இவ்விவாதம் முழுவதும் சிறுகுடிசையைச் சுற்றியே நடப்பதுதான் அனைத்திலும் பெரிய அநீதி. சதுப்பின் தென்பகுதியான கெரவலப்பிட்டியில் கடல்மணல் கொண்டு நிலம் நிரப்பப்பட்டபோது அது அபிவிருத்தி எனப்பட்டது. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு - கட்டுநாயக்க அதிவேகப் பாதை இச்சதுப்பினூடாகவும் களப்பின் ஓரமாகவும் செல்கின்றது. அது முன்னேற்றம் எனப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பை எங்கே போயிற்று? கெரவலப்பிட்டிக்கே வந்தது. ஒருவர் கூடைமண் கொட்டினாற் குற்றம். நகரமே மலையாய்க் கொட்டினால் நிர்வாகம். வேலி ஒன்றே, ஆயின் அதன் கண்கள் சிறுமீனைப் பிடிக்கவும் பெருமீனை விடவும் பின்னப்பட்டுள்ளன. இவ்வுலகில் வேறெந்த வலையும் இவ்வாறு பின்னப்படுவதில்லை.

வேலியைத் தாண்டி வரும் தீங்கும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம், கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் எதிரேயுள்ள கடலில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி எரிந்தது. ஜூன் மாதத்தில் அது மூழ்கியது. அமிலமும் எண்ணெயும் ஏற்றிவந்த அக்கப்பலிலிருந்து, பிளாஸ்ரிக் செய்வதற்கான பருப்பளவு மணிகள் சுமார் 1680 தொன் கடலிற் கலந்து, வெண்மணல்போற் கரையெங்கும் ஒதுங்கின. களப்பின் வாயிலே தடுப்பிட்டனர். மீன்பிடிக்கத் தடை வந்தது. கடலில் எவ்விதக் குற்றமும் செய்யாத மீனவனே முதலிற் கரையில் அமரவைக்கப்பட்டான். மாசுபடுத்தியவனே ஈடுசெய்யவேண்டும் என்ற நெறியின்படி, கப்பலின் உரிமையாளர் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்தவேண்டும் என எமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையிற் கட்டளையிட்டது. நான்காண்டுகளின் பின் வந்த அத்தீர்ப்பு போற்றத்தக்கது. எனினும் மணலில் புதைந்த மணிகளைத் தீர்ப்பு எதுவும் பொறுக்கி எடுத்துவிடாது.

இங்கே விலை பற்றிய வினா எழுகின்றது. முத்துராஜவெலச் சதுப்பு ஆண்டுதோறும் தரும் பயன் ஏறக்குறைய 72 கோடி 60 இலட்சம் ரூபா பெறுமதியுடையதென, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று கணக்கிட்டது. அதில் 48 கோடி 50 இலட்சம் ரூபா வெள்ளத்தைத் தடுப்பதன் பெறுமதி. 'பயனற்ற சேற்றுநிலம்' என்று கூறித் திரிந்தோரின் வாயை அடைக்க இக்கணக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. அதனை ஆசிரியர்கள் வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆயினும் விலைகூறி வாதாடுவோர், சந்தையின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே வாதாடுகின்றனர். நாளை ஒருவர் வந்து, 'இங்கே நான் எழுப்பப்போகும் மாளிகைகள் அதனிலும் ஒரு ரூபா கூடுதலாகத் தரும்' என்றால் என்ன விடை பகர்வோம்? மேலும், அந்த 72 கோடி பலர்க்குச் சிறுசிறு துளியாகப் பகிரப்படும் நன்மை. இந்த மாளிகையின் வருவாய் சிலர் பைக்குட் சேரும் பொருள். இரண்டையும் ஒரே தராசில் இடுவது கணக்கின் பிழையன்று, அறத்தின் பிழை.

முற்போக்காளர் சிலர் இயற்கைப் பாதுகாப்பையே ஐயத்தோடு நோக்குவதுண்டு. அவ்வையத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்நாட்டில் முதலில் விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தவர்கள் வேட்டைக்காரத் துரைமாரே. 1894இல் தோன்றிய அச்சங்கம், வேட்டையாட விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றைக் காக்க முற்பட்டது. துப்பாக்கியோடு வந்த துரை விளையாட்டு வீரன். கண்ணியோடு வந்த கிராமத்தவன் களவன். 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பின்னணியிலேயே பிறந்தது. வட மாகாணத்தில், 1938 முதற் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. சரணாலயத்தில் தனியார் நிலமும் சேர்ந்திருக்கலாம். தேசியப் பூங்காவோ முற்றாக அரச நிலம். போரின் பின் ஊர் திரும்பி, தம் வாழ்வுக்குரிய காட்டிலும் களப்பிலும் எல்லைக் கற்களை எதிர்கொள்ளும் மக்கள், காவல் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவதைப் பிழையெனக் கூறமுடியாது.

ஆயினும், காவல் தவறாக நடத்தப்பட்டது என்பதனாற் காவலே வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவது தருக்கமாகாது. மக்களின் பெயரால் இயற்கையை வென்றடக்கப் புறப்பட்ட ஆட்சிகள் செய்ததையும் நாம் மறத்தலாகாது. பருத்தி விளைச்சலைப் பெருக்குவதற்காக, ஏரல் கடலுக்குப் பாய்ந்த ஆமு தார்யா, சிர் தார்யா ஆகிய இரு நதிகளையும் சோவியத் ஆட்சி 1960கள் முதற் பெருமளவில் திசைதிருப்பியது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிய அந்நீர்ப்பரப்பு வற்றி ஒடுங்கியது. மொய்னாக் என்ற துறைமுக நகரில் மீன்பிடிக் கலங்கள் மணலிலே துருப்பிடித்துக் கிடக்கின்றன. அங்கே தனியார் முதலாளி எவருமில்லை. திட்டத்தைத் தீட்டியவர்கள் கரையில் வாழ்ந்த மீனவத் தொழிலாளியைக் கேட்கவில்லை; உப்புத் தூசியைச் சுவாசித்தவர்கள் அவனும் அவன் பிள்ளைகளுமே. உடைமை பொதுவானால் மட்டும் போதாது. முடிவும் பொதுவாதல் வேண்டும் என்பதே அவ்வேரிப்படுக்கை கற்பிக்கும் பாடம். ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்தாலும் அது மண்ணின் உரிமையாளனாகாது, பின்வருவோர்க்கு நன்னிலையில் ஒப்படைக்கக் கடமைப்பட்ட அனுபவிப்பாளனே ஆகும் என்ற கருத்தை மார்க்ஸ் 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்திலேயே கூறியிருந்தார். அவர் பெயரைச் சொன்னவர்கள் அப்பக்கத்தைப் புரட்டாது விட்டனர்.

அவ்வாறாயின் பறவைக்கும் கண்டலுக்கும், நமக்குப் பயன்படுவதற்கு அப்பால், தமக்கென ஓர் உரிமை உண்டா? இவ்வினாவை நம் மொழியின் பழைய நூலொன்றின் துணைகொண்டு அணுகலாம். தொல்காப்பியம் ஒரு திணைக்குரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே நிரலில் வைக்கின்றது. நெய்தலிலே கழியும் கானலும் கண்டலும் நாரையும் இருந்தன. அவற்றோடு வலையும் உப்பும் பரதவரும் இருந்தனர். இதனைக்கொண்டு நம் முன்னோர் அனைவரும் இயற்கைக் காவலர் என்று பெருமை பேசுவது நமது நோக்கமன்று. அவர்கள் வாழ்விலும் ஏற்றத்தாழ்வும் பேராசையும் இருந்தன. ஆயின் பறவையைத் தொழிலிலிருந்து பிரித்து நோக்காத அப்பார்வை கவனத்துக்குரியது. நாரை அங்கே மனிதனின் உடைமையுமன்று, அவன் புகக்கூடாத கோயிலின் சிலையுமன்று. ஒரே நிலத்தைப் பகிர்ந்து வாழும் அயலான். அயலானைக் காப்பது அவனாற் பயன் வரும் என்பதற்காக மட்டுமன்று. அவன் அங்கே இருக்கின்றான் என்பதே போதிய காரணம். களப்பிலிருந்து தன் உணவை மட்டும் எடுக்கும் பறவைக்கு உள்ள நியாயம், உணவுக்கு அப்பாலும் எடுப்பவனுக்கு எவ்வாறு கூடுதலாகும்?

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, எல்லையிடும் அதிகாரம் பற்றியது. ஒரு களப்பால் உயிர்வாழ்வோரை, சங்கத்திற்குள் இருப்போரை மட்டுமன்றி வெளியே நிறுத்தப்பட்டோரையும் பெண்களையும் சேர்த்து, அவையிலமர்த்தாது வரையப்படும் எல்லை நீதியான எல்லையன்று. இரண்டாவது, சுமை பற்றியது. காவலின் சுமை கையின் அளவுக்கேற்பப் பகிரப்படவேண்டும். பெரிதாக நிரப்பியவனும் பெரிதாக மாசுபடுத்தியவனும் பெரிதாக ஈடுசெய்ய வேண்டும். சிறுகுடிசைக்கு முன் பெருநிறுவனமும் நகரசபையும் அரசும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். மூன்றாவது, காலம் பற்றியது. ஏழாயிரம் ஆண்டுகள் படிந்து உருவானதை ஐந்தாண்டுக்கு ஆள வந்தவர்கள் விற்க உரிமையற்றவர்கள். மீட்க முடியாததை எவ்விலைக்கும் கொடுக்கலாகாது.

இந்நெறிகள் ஒன்றோடொன்று முரணும் வேளைகள் வருதல் கூடும். இன்று பசித்தவனின் உரிமையும் நாளை பிறப்பவனின் உரிமையும் ஒரே துண்டுச் சேற்றில் மோதும்போது, எல்லோரையும் மகிழ்விக்கும் தீர்வு கிடைக்காது. அத்தகைய வேளைகளில் இழப்பவர் யாரென்பதை மறைக்காது சொல்லி, அவ்விழப்பை முழுச் சமூகமும் தாங்கிக்கொள்வதே நாகரிகம். ஒருவனை இழக்கச்செய்துவிட்டு அதற்கு இயற்கையின் பெயரையோ முன்னேற்றத்தின் பெயரையோ சூட்டுவது நாகரிகமாகாது.

நம் ஆசிரியர்கள் மாணவரை முத்துராஜவெலக்கு அழைத்துச் செல்லட்டும். பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவிக்கட்டும். அவற்றுக்கு அடுத்த பக்கத்தில், இக்கால்வாயை வெட்டியவர் யார், இக்கண்டலை நட்டவர் யார், இம்மண்ணைக் கொட்டியவர் யார், வெள்ளம் வந்தால் நீர் யார் வீட்டுக்குட் போகும் என்ற நான்கு கேள்விகளையும் எழுதுவிக்கட்டும். விடைகளை மீனவரிடமும் குடிசைவாசியிடமும் அதிகாரியிடமும் மாணவர் தாமே சென்று கேட்டறியட்டும். அவ்விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருக்கும். ஒவ்வாத விடைகளை அருகருகே வைத்து நியாயம் தேடப் பழகிய ஒரு தலைமுறையிடமே களப்பை நம்பி ஒப்படைக்கலாம்.